ஏடும் எழுத்தும் – 12: ஆனா ஆவன்னாவிலிருந்து பட்டா வரை

சென்ற இதழில் சீகன்பால்குவைத் தரங்கம்பாடியில், மணல் பரப்பிய தரையில் உட்காரவைத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். 1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார், ஊர் வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். அவர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் மணலில் எழுதித் தமிழ் படித்தார். அதற்குமேல் அவர் கதை அச்சுக்கூடத்துக்குப் போய்விடும். அதைப் பலரும் எழுதியாயிற்று. நமக்கு வேண்டியது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன். பாதிரியாருக்கு ஏற்கெனவே நாலைந்து மொழிகளில் வாசிக்கத் தெரியும். அந்தப் பையனுக்கு அதுதான் முதல் எழுத்து. அவன் எப்படி வாசிக்கக் கற்றான்?

இதைத் தேடிக் கடற்கரையோரமாகவே வடக்கே வருவோம். கடலூர், புதுச்சேரி நகரம் எல்லாம் தாண்டிக் காலாப்பட்டு.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு இந்த வழியின் விசித்திரம் தெரியும். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரைக்கும் தமிழ்நாடுதான். பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி தொடங்கிவிடும். காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம், கனகசெட்டிக்குளம் என்று போய், அதற்கப்பால் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிப் பிடித்து, விட்டு, பேரம் பேசிப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இது. கடலுக்கும் மீனுக்கும் எல்லை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு உண்டு. பொம்மையார்பாளையத்துப் பிள்ளை ஓர் அரசின் பாடத்திட்டத்தில் படிக்கும். அடுத்த ஊரான பிள்ளைச்சாவடிப் பிள்ளை இன்னோர் அரசின் பாடத்திட்டத்தில் படிக்கும். தமிழ் வாசிப்பைச் சொல்லிக்கொடுக்க இருநூறு ஆண்டுகளில் என்னென்ன வழிகளை முயன்று பார்த்தார்களோ, அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கரையை ஏதோ ஒரு வகையில் தொட்டுப் போயிருக்கின்றன. இந்த இதழுக்குக் காலாப்பட்டைத் தேர்ந்துகொண்டது அதனால்தான்.

முதலில் திண்ணை.

திண்ணைப் பள்ளியில் முதல் பாடம் வாய்க்குத்தான். ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா, ஊனா, ஊவன்னா. வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலிலோ அரிசியிலோ உருவத்தை வரைவிப்பார். பிள்ளை எழுதிக்கொண்டே கத்த வேண்டும், கத்திக்கொண்டே எழுத வேண்டும். கையும் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் இருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதையேதான்.

சிக்கல் எழுத்தின் பெயரில் இருக்கிறது. அ என்ற குற்றெழுத்துக்குப் பெயர் ஆனா. பெயரின் முதல் ஒலியே நெடில். இ என்பதற்கு ஈனா, உ என்பதற்கு ஊனா. உயிர்மெய்க்கு வந்தால் கானா, காவன்னா, கீனா, கீயன்னா. மெய்யெழுத்துக்கு முன்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொள்ளும்: இக்கன்னா, இம்மன்னா. இந்தக் கணக்கில் ‘படி’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டினால் பானா, டீனா. காதில் விழுந்ததை அப்படியே ஒட்டினால் ‘பாடீ’ வரும், படி வராது. ‘பக்கம்’ இன்னும் வேடிக்கை: பானா, இக்கன்னா, கானா, இம்மன்னா. இந்த நான்கு பெயர்களைக் கேட்ட ஐந்து வயதுப் பிள்ளை அங்கிருந்து பக்கத்துக்கு எப்படித் தாவும்? எழுத்தெல்லாம் தெரியும், சொல்லை வாசிக்கத் தெரியாது என்று அன்றும் இன்றும் ஆசிரியர்கள் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. பிரான்சிலும் பே, ஸே, தே என்று எழுத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை எழுத்துக்கூட்ட வைத்தார்கள். கணித மேதை பிளேஸ் பாஸ்கல் இதைக் கவனித்து ஒரு மாற்று வழி சொன்னார்: மெய்யெழுத்துக்குப் பெயரே வேண்டாம்; சொல்லுக்குள் அது என்ன ஒலி தருகிறதோ அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். 1660ல் வெளியான போர் ருவாயால் இலக்கணத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இப்போது ஊருக்கு ஊர் ‘ஃபோனிக்ஸ் வகுப்பு’ என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தச் சரக்கின் மூலக்கரு மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தியது.

திண்ணைக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. அது வேறு வழியில் சமாளித்தது. எழுத்து முழுதும் பழகுவதற்கு முன்பே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை எல்லாம் பிள்ளையின் வாயில் ஏறிவிடும். சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். பொருள் புரிந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு ஏடு கைக்கு வரும். அதில் இருப்பது ஏற்கெனவே மனப்பாடமான வரி. தெரிந்த வரியின் மேல் விரலை வைத்து ஓட்டினால், எந்த எழுத்து எந்த ஒலி என்று தானே பிடிபட்டுவிடும். பானாவும் டீனாவும் சேர்ந்தால் என்ன வரும் என்று பிள்ளை குழம்ப வேண்டியதில்லை; வரப்போவது என்னவென்று காதுக்கு முன்பே தெரியும்.

உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றில் திண்ணைப் பள்ளி நாட்களை விரிவாகச் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, மாலையில் வீட்டுக்கு அனுப்பும் முன் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மிருகம், ஓர் ஊர் என்று பெயர்கள் கொடுத்து அனுப்பும் வழக்கம். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும். பிரம்படியைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சொல் விளையாட்டைப் பேசுகிறவர்கள் குறைவு. சொற்களைக் காதிலும் வாயிலும் சேர்த்துவைத்துவிட்டால் எழுத்து வந்து சேர இடம் இருக்கும் என்பது அந்த வாத்தியார்களுக்குத் தெரிந்திருந்தது.

காதை நம்பியதற்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. பனையோலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். க என்று எழுதியிருந்தால் அது க என்றும் இருக்கலாம், க் என்றும் இருக்கலாம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவத்தில் வேறுபாடு இல்லை. அதைவிடக் கொடுமை, ரகரமும் காலும் ஒரே உருவம். மகரம், கால், மகரம், கால் என்று நான்கு உருவங்கள் ஓலையில் இருந்தால், அதை மாமா என்று வாசிக்கலாம், மாமர என்று வாசிக்கலாம், மரமா என்றும் வாசிக்கலாம். எது சரி என்பதை முன்பின் வரும் சொற்களும் செய்யுளின் ஓசையும்தான் சொல்லும். ஓசை காதில் இல்லாதவன் ஏட்டை வாசிக்க முடியாது. மனப்பாடத்தை மூடத்தனம் என்று பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள். ஓலையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அவ்வளவு ஏசியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏ, ஓ ஆகிய நெடில்களுக்குத் தனி அடையாளம் வழக்கில் வந்ததை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு சதுரகராதி தொகுத்த அந்த இத்தாலியருக்கு, தமிழ் தாய்மொழி அல்ல. செய்யுளோசையை நம்பி வாசிக்க அவருக்குத் தாலாட்டுக் கேட்ட காது கிடையாது. வெளியிலிருந்து வந்து கற்றவருக்குத்தான் குறிலையும் நெடிலையும் கண்ணால் பார்க்க வேண்டிய அவசரம் இருந்திருக்கும். பிறகு அச்சு பரவியது. அச்சில் புள்ளி நிலைத்தது. ஓலையில் ஊகித்ததெல்லாம் தாளில் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பின் கேட்டறியாத ஒரு வரியையும் எழுத்தை மட்டும் நம்பி வாசிக்கலாம் என்ற நிலை தமிழில் அப்போதுதான் முழுமையாக வந்தது.

புதுச்சேரிக்கு அந்த அச்சு தங்கவில்லை. 1761ல் ஆங்கிலேயர்கள் நகரத்தைப் பிடித்து இடித்துத் தள்ளியபோது, பிரெஞ்சுக்காரர்களின் அச்சு எந்திரத்தையும் கொள்ளைப்பொருளாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியஸ் பாதிரியார் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னையின் அச்சு வரலாறு புதுச்சேரியில் களவுபோன எந்திரத்திலிருந்து தொடங்குகிறது என்று புதுவைக்காரர்கள் சொல்லிக்கொண்டால் மறுப்பதற்கில்லை. மீண்டும் இங்கே மிஷன் அச்சுக்கூடம் வேலை தொடங்க 1840 ஆனது.

இடையில் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. எழும்பூரில் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவில்லம் ஒன்று 1789ல் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது, ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் எழுத்து வகுப்புக்கு மணலைப் பரப்பச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முறுக்கிக்கொண்டார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு, எட்டு வயதுப் பையன் ஜான் ஃப்ரிஸ்கனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் கொடுத்தார். சிப்பாய் மகனான அந்தப் பையன் சட்டாம்பிள்ளை ஆகிவிட்டான். பெரியவர்களால் முடியாததை அவன் செய்துகாட்டினான். பெல் நாடு திரும்பி 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது பரவியது. நெப்போலியன் வீழ்ந்த 1815ஆம் ஆண்டு பிரான்சிலும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இம்முறைக்கு ஆதரவாக ஒரு சங்கம் எழுந்தது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

நம் திண்ணைக்கு அங்கே கிடைத்த மரியாதை இங்கே கிடைக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ல் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று கணக்கெடுக்கச் சொன்னார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. பெண் குழந்தைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823ல் அனுப்பிய அறிக்கை அவற்றில் புகழ்பெற்றது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் சிக்கனத்தை இங்கிலாந்து பின்பற்றியது சரிதான் என்று பாராட்டிய அதே மனிதர், பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளையாக ஒப்பிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். இரண்டுமே உண்மை. காலாப்பட்டைச் சுற்றியிருந்த தென்னார்க்காட்டுக் கிராமங்கள் மன்றோவின் கணக்கில் உண்டு. பிரெஞ்சு மண் அதில் இல்லை.

அந்த 1,88,000 பேரில் யார் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் கிடையாது. கட்டுமரம் தள்ளும் குடும்பங்களின் பிள்ளைகள் ஏடு பிடித்தது அபூர்வம். திண்ணையின் கற்பிக்கும் முறையை நான் மெச்சுவது, அது யாரை உள்ளே விட்டது என்பதை மறந்து அல்ல.

புதுச்சேரியை 1816ல் திரும்பப் பெற்ற பிரெஞ்சு அரசு, பத்தாண்டுகள் கழித்துக் கல்வியில் கைவைத்தது. ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1826ல் ராயல் கல்லூரி. 1827ல் பொது நூலகம். அதே ஆண்டு குளூனி சபைக் கன்னியர் வந்திறங்கினார்கள். ஆனால் தமிழ் வாசிப்பைப் பொறுத்தவரை நான் முக்கியமாக நினைப்பது துய்புய் பாதிரியாரை. மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவரும், மூசே என்பவரோடு சேர்ந்து தமிழ் – பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவரும், 1844ல் தமிழ்ப் பெண்களையே கொண்டு கன்னியர் சபை ஒன்றை அமைத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவரும் அவர் ஒருவரே. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே தேவதாசி என்று ஊர் முகம் சுளித்த காலம் அது. அச்சடிக்கிற கையும் சொல்லித்தருகிற கையும் ஒன்றாக இருந்தது பெரிய வசதி.

பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு எழுத்து, இரண்டு விதமான வாசிப்பு. தமிழில் எழுதிய எழுத்தெல்லாம் ஒலிக்கும். பிரெஞ்சில் பாதி எழுத்து வாயைத் திறக்காது. 1844ல் தொடங்கிய பெத்தி செமினேர் பள்ளியின் பெயரையே பாருங்கள். ரோமன் எழுத்தில் ‘பெத்தி’க்குக் கடைசியில் ஒரு ‘ட்’ நிற்கும், ஆனால் அது ஒலிக்காது. தமிழில் எழுதும்போது புதுவைக்காரர் அதைக் கழற்றிவிட்டார். பள்ளியில் போதித்த இலக்கணம் இல்லாமலே, ஒலியைத்தான் எழுத வேண்டும் என்று நம் கைக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. கடல், பகல், சங்கு ஆகிய மூன்று சொற்களிலும் ககரத்தின் ஒலி வேறுவேறு. சீகன்பால்குவுக்கு இதை உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருந்திருக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தருவதில்லை; பேச்சு அதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளிகளில் 37 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஒருவரைத் தமிழுலகமே அறியும். திருப்புளிசாமி ஐயரின் திண்ணைப் பள்ளியில் தொடங்கி, கலவைக் கல்லூரியில் தமிழ் படித்து, 1909ல் பதினெட்டு வயதில் காரைக்காலை அடுத்த நிரவிக்கு ஆசிரியராகப் போன கனகசுப்புரத்தினம். பாரதிதாசன் என்றதும் மேடையும் முழக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. 1946ல் ஓய்வு பெறும்வரை அவர் சம்பளம் வாங்கிய வேலை சிறுபிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது. அவரிடம் தொடக்கப் பள்ளியில் படித்த வில்லியனூர்ப் பையன் ஒருவர் பின்னால் வாணிதாசன் என்ற கவிஞர் ஆனார். அவரும் பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்தார். பாரதிதாசனின் வரிகளில் சொற்கள் குழந்தைகூட இடறாமல் வாசிக்கும்படி தனித்தனியாகத் தெறித்து நிற்பதற்கு, வகுப்பறையில் கழிந்த அந்த ஆண்டுகளுக்கும் பங்குண்டு என்பது என் ஊகம்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி, புதிய ஆத்திசூடியை இங்கேதான் எழுதினார். ஔவையின் கருத்துகளைக் கவிழ்த்துப்போட்டவர், அகரவரிசைச் சட்டகத்தைத் தொடவில்லை. வரிக்கொரு எழுத்தாக அ, ஆ, இ, ஈ என்றே போகிறது. வாயில் ஏறிய வரியின் வழியாக எழுத்து மனத்தில் தங்கும் என்ற திண்ணையின் நம்பிக்கையில் அவருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அச்சிட்ட பாடநூலோடு வளர்ந்த பள்ளிக்கூடம் இதைப் பாதியாக வெட்டிவிட்டது. அகரவரிசையை வைத்துக்கொண்டது, ஆனா ஆவன்னாவை வைத்துக்கொண்டது, காதை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். 247 முடிந்தால்தான் சொல், சொல் முடிந்தால்தான் வரி. உயிர், மெய், உயிர்மெய் என்று அடுக்கிய அட்டவணை அழகானது. வாய்க்குள் ஒலி பிறக்கும் இடத்தைக் கவனித்தவர்கள் அடுக்கியது. அது மொழியை ஆராய்கிறவனுக்கான வரிசை. முதல் மூன்று வாரத்தில் ஙகரத்தின் பன்னிரண்டு உருவங்களையும் எழுதிக் கைவலித்த பிள்ளைக்கு, அதை வைத்துப் படிக்க ஒரு சொல்கூடக் கிடைக்காது.

எழுத்தின் உருவமும் சும்மா இருக்கவில்லை. ணா, றா, னா மூன்றும் ஒரு காலத்தில் கால் இல்லாமல் சுருண்டிருந்தன. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போட்டிருந்தன. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் இவற்றைச் சீராக்கி அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978ல் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பயன்படுத்திய புதுச்சேரிப் பள்ளிகளுக்கும் மாற்றம் வந்துசேர்ந்தது. ஒகர ஓகார வடிவங்களும் சேர்ந்து 13 எழுத்துகள் சீரானதில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அத்தனை விதிவிலக்குகள் மிச்சம். உகர ஊகார வரிசையில் கு, சு, டு, து என்று ஆளுக்கொரு கோலமாக இருப்பதையும் சீராக்கலாம் என்று வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் வாதாடினார்கள், அது நடக்கவில்லை. இன்றைக்கும் முதல் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடங்களில் இந்த வரிசையும் ஒன்று. இன்னொன்று ஒற்றைக்கொம்பு. ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; காதுக்கு முதலில் வருவதோ ககரம். ‘கொ’வில் உயிர் இரண்டாகப் பிளந்து மெய்க்கு இருபுறமும் நிற்கும்.

அகரவரிசையை உடைக்கத் துணிந்தவர்கள் குழந்தைகளுக்குப் பாடம் எழுதியவர்கள் அல்லர். முதியவர்களுக்கு எழுதியவர்கள். எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையில் நாட்டிலேயே முன்வரிசையில் இறங்கியவற்றில் ஒன்று புதுச்சேரி. புதுவை அறிவியல் இயக்கத்தினர் கலைப்பயணக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனார்கள். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சம்பளம் இல்லாத இளைஞர்கள் சாயங்காலத்தில் தெருவிளக்கடியில் பாயை விரித்தார்கள். எதிரே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பகல் முழுதும் வேலை செய்துவிட்டு, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் அணில், ஆடு, இலை என்று தொடங்கினால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

புதுக்கோட்டையில் 1991ல் பெண்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு அறிவொளி வகுப்புக்குப் போனார்களே, அந்த இயக்கத்தின் பாடநூல் தொடங்கிய சொல் ‘பட்டா’. வகுப்பில் முதலில் எழுத்து வராது, பேச்சு வரும். உங்கள் வீட்டுமனைக்குப் பட்டா இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அரைமணி நேரம் பேசி, சூடு ஏறியபிறகு, அந்தச் சொல்லைப் பலகையில் எழுதுவார்கள். ப, ட், டா. மூன்றே உருவங்கள். முதல் நாளே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதே எழுத்துகளை மாற்றிப்போட்டு, ஒரு டியைச் சேர்த்தால் படி வரும், பாட்டி வரும், பட்டி வரும். இதன் பின்னால் பிரேசில் நாட்டு பாவ்லோ ஃப்ரேயிரே இருக்கிறார். 1963ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் கூலிக்காரர்களுக்கு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே எடுத்த சொற்களை வைத்து எழுத்தறிவித்தவர். ஒரு சொல்லைப் பிரித்து, அதன் அசையை த, தே, தி, தொ, து என்று உயிர்களோடு பெருக்கிக் காட்டுவது அவர் உத்தி. போர்த்துகீசிய மொழியில் அவர் உருவாக்க வேண்டியிருந்த அந்த வாய்ப்பாடு, தமிழில் உயிர்மெய் வரிசையாக எப்போதோ தயாராக இருந்தது. இலக்கணக்காரர்களின் அட்டவணைக்கு ஒருவழியாக வாசிப்பில் வேலை கிடைத்தது, வரிசையை மாற்றியபிறகு.

இதே காலத்தில், 1985ல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. நாட்டார் வழக்காற்றைச் சொல்லிக்கொடுக்கக் கரிசல் காட்டிலிருந்து அவர்கள் அழைத்துவந்தது கி. ராஜநாராயணனை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன் படிப்பைப் பற்றிக் கேலியாகச் சொல்லிக்கொண்டவர், பேராசிரியர். வகுப்பறைத் தமிழுக்கும் வாய்த் தமிழுக்கும் உள்ள தூரத்தை அவரைவிட வலுவாகக் காட்டியவர் இல்லை. வாசிப்புப் பாடத்தில் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாத தடை. ‘வந்தாங்க’ என்று பேசுகிற பிள்ளை, ‘வந்தார்கள்’ என்று எழுத்துக்கூட்டி முடித்தபிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உடனே உணராது. காலாப்பட்டுக் குப்பத்துப் பிள்ளைக்கு வாடைக்காற்றும் கச்சானும் தெரியும், இன்றைக்குப் பாடு எப்படி என்று கேட்கத் தெரியும். பாடநூலில் அவை வருவதில்லை. எழுத்துக்கூட்டி முடிக்கும்போது, அட இதுதானா என்று மனம் குதிப்பதற்குத் தெரிந்த சொல் வேண்டும். திண்ணை அதை மனப்பாடத்தால் கொடுத்தது, அறிவொளி பேச்சால் கொடுத்தது.

பெரியவர்களிடம் பலித்தது குழந்தைகளின் வகுப்புக்கு வரப் பத்தாண்டுக்குமேல் ஆனது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டைகளையும் ஏணிப்படியையும் முன்மாதிரியாக்கி, எம்.பி. விஜயகுமார் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. ட, ப, ம என்று எழுத எளிய, உடனே சொல்லாகிற எழுத்துகள் முன்னால் வந்தன. படம், மடம், பட்டம். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உலகின் புத்தம்புது முறை என்று பத்திரிகைகள் எழுதின. சட்டாம்பிள்ளை சிரித்திருப்பான். 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்து, வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பாடம் நடத்தச் சொன்னார்கள்.

இவை பொம்மையார்பாளையம் வரைக்கும். பிள்ளைச்சாவடிக்கு இந்தப்பக்கம், புதுச்சேரி அரசு தன் பள்ளிகளைத் தொடக்க வகுப்புகளிலிருந்து மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாற்றிக்கொண்டே வந்து, 2023-24ல் மேல்வகுப்புகளையும் சேர்த்துவிட்டது. ஆங்கில வழியில் சேர்ந்த பிள்ளைக்கு இப்போது ஏ, பி, சி. அதிலும் பழைய ஆனா ஆவன்னாச் சிக்கல் அப்படியே இருக்கிறது: சி, ஏ, டி என்று பெயரைச் சொல்லிக் கூட்டினால் ‘கேட்’ என்ற பூனை வராது. இங்கிலாந்தில் 1992 முதல் விற்கும் ஜாலி ஃபோனிக்ஸ் புத்தகங்கள் ஏ, பி, சி வரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று தொடங்குகின்றன. காரணம் கேட்டால், சீக்கிரம் சொல் வரும் என்கிறார்கள். பட்டாவுக்கும் அதே காரணம்தான். இங்கே தனியார் வகுப்புகளில் ஆங்கில எழுத்துக்கு ஒலியைச் சொல்லித்தரப் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். அதே பிள்ளை தமிழ்ப் பாடவேளையில் இம்மன்னா, இக்கன்னா சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு மொழிக்கு ஒலி, ஒரு மொழிக்குப் பெயர். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்துகளில் எல்லா உயிர்மெய்களும் பிடிபட நான்காம் வகுப்புவரைகூட ஆகும் என்று 2007ல் காட்டியிருக்கிறார். இரண்டாம் வகுப்பில் தமிழ்ப் பாடவேளையைக் குறைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பில் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்று அலுத்துக்கொள்வது யார் தவறு?

அடுத்த இதழில் கடலைத் தாண்டுகிறோம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848ல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்த ஆறுமுக நாவலர், கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் உத்தியையே எடுத்து அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். பாலபாடத்தில் அவர் செய்யுளை விட்டு உரைநடையில் தொடங்கியது ஏன் என்று பார்ப்போம்.